உருவு வைத்தியமும் காலமாற்றமும்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவழியிலே, வயல்களும் குளங்களும் சூழ அமைந்த ஊர் முள்ளியவளை. அவ்வூரிலும் அதனை அடுத்த வன்னிக் கிராமங்களிலும், அருவி வெட்டி நாரி பிடித்தவரும், வண்டியினின்று வீழ்ந்து தோள்மூட்டு விலகியவரும் முதலில் நாடிச் சென்றது பரியாரியார் வீட்டையோ, முறிவு நெரிவு வைத்தியர் வீட்டையோ ஆகும். பிள்ளை பெற்ற தாய்க்கு எண்ணெய் பூசி, உடம்பு பிடித்து, வேதுநீர் வார்ப்பது மருத்துவிச்சியின் கடமையாயிருந்தது. இவர்களுட் பெரும்பாலோர் உருவுவதனைச் சீவனோபாயமாகக் கொண்டவரல்லர். வயலே அவர்க்குச் சோறிட்டது. நோ மாறியவர் கொண்டுவந்த நெல்லும் வெற்றிலையும் நன்றியறிதலேயன்றிக் கூலி எனப்படவில்லை.

இக்கலை வெறும் கைப்பழக்கமன்று. சித்த மருத்துவம் புற மருத்துவ முறைகளை முப்பத்திரண்டாக வகுத்து, அவற்றுள் ஒன்றாகத் தொக்கணத்தை வைத்துள்ளது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் எனத் தொக்கணம் ஒன்பது வகைப்படும். தகப்பன் கையைப் பார்த்து மகன் கற்ற இடங்களில் இப்பெயர்கள் தெரியாமலிருக்கலாம், செய்கை தெரிந்திருந்தது.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கி முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் முள்ளியவளை மக்கள் யுத்தத்தினால் ஊரை விட்டகன்றனர். 2009இல் எஞ்சியோர் வவுனியாவின் செட்டிகுளத்திலே மெனிக் பாம் முகாமில் அடைபட்டனர். அம்முகாமின் கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 2012ஆம் ஆண்டு செப்டெம்பரிலேதான். இத்தகைய பெயர்வில் ஓர் உருவு வைத்தியர் எதனை இழப்பார் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணெய் காய்ச்சும் பாத்திரம், முற்றத்து நொச்சி, வளவிலிருந்த இலுப்பை, ஏடு, இவற்றோடு தம்மை நம்பி வருகின்ற அயலும் போய்விடுகின்றது. கை மாத்திரமே கூட வருகின்றது.

ஊர் திரும்பியபோது அந்தக் கைக்கு முன்னே வந்த உடம்புகளும் பழைய உடம்புகளல்ல. ஷெல்லின் இரும்புத்துண்டைத் தசைக்குள் சுமந்து வாழ்வோர் இம்மாவட்டத்திற் பலர். அத்தகையவருடைய முதுகைத் தகப்பனார் அழுத்தியவாறு அழுத்தினால், துண்டின் கூரிய விளிம்பு அண்மையிலுள்ள நரம்பையோ குருதிக்குழாயையோ உறுத்தக்கூடும். ஆகவே முதலிற் கேட்கவேண்டியது, ‘எங்கே நோகிறது?’ என்பதன்று, ‘உடம்பில் எங்கே இரும்பு இருக்கிறது?’ என்பதே. கதிர்ப்படம் இருந்தால் அதனைக் கொண்டுவரச் செய்தல் வேண்டும். ஒரு கெண்டைக்கால் மாத்திரம் வீங்கி, சூடாகி, நோவுமாயின், உள்ளே குருதி கட்டியிருக்கலாம். அக்காலைத் தொடாது வைத்தியசாலைக்கு அனுப்புவதே வைத்தியம். நீரிழிவினால் பாதம் மரத்துப்போன முதியவருக்கு எண்ணெயின் சூட்டைத் தம் முழங்கையிற் பார்த்த பின்னரே பூசலாம். அவருக்குச் சூடு தெரியாது, கொப்புளம் மாத்திரம் தெரியும். விலகிநிற்க அறிந்த கையே இக்காலத்துக்கு வேண்டிய கை என்பது என் துணிபு.

யுத்தம் இத்தொழிலை மாற்றுவது நம்மூரில் மாத்திரம் நிகழ்ந்ததன்று. முதலாம் உலகப்போரிற் கண்ணிழந்த பிரித்தானியப் போர்வீரர்களுக்காக, தாமும் பார்வையிழந்தவரான ஆதர் பியர்சன் என்னும் பத்திரிகை அதிபர் 1915இல் இலண்டனில் சென் டன்ஸ்ரன்ஸ் என்னும் நிலையத்தைத் தொடங்கினார். கூடை பின்னலும் கோழி வளர்ப்பும் கற்றவர் போக, உடற்கூற்றைப் புள்ளியெழுத்திற் பயின்று உருவு சிகிச்சையாளரானவரும் உளர். இரக்கத்துக்காக அவர்க்குச் சான்றிதழ் வழங்கப்படவில்லை. பார்வையுள்ளோர் எழுதிய பரீட்சையையே அவரும் எழுதினர். கை, கால், கண் இழந்த இளைஞரும் பெண்களும் வாழும் வன்னியிலே இச்செய்தி நினைவிற் கொள்ளத்தக்கது.

அப்பரீட்சையை நடத்திய சங்கத்தின் கதையும் சுவையானதே. 1894இல் இலண்டனிலே உருவு நிலையங்கள் சில ஒழுக்கக்கேட்டின் இருப்பிடங்கள் என்ற பழி எழுந்தது. நேர்மையாகத் தொழில் செய்த தாதியர் நால்வர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். வைத்தியரின் பணிப்பின்றிச் சிகிச்சை செய்வதில்லை, பொதுப் பத்திரிகையில் விளம்பரம் செய்வதில்லை என்று தமக்குத் தாமே விதி வகுத்தனர். 1920இல் அச்சங்கத்துக்கு அரச பட்டயம் கிடைத்தது. 1944இல் அதுவே இயன்மருத்துவர் சங்கமாயிற்று.

நம் நாட்டிலும் அப்பழி முற்றாக நீங்கிற்றில்லை. தென்மாகாணக் கரையோர ஆயுள்வேத விடுதிக்கு வேலைக்குச் செல்லும் பெண்ணைப் பற்றி ஊரார் என்ன பேசுவர் என்பது நேயர்கள் அறியாததன்று. அவ்விடுதி வேலையும் உறுதியானதன்று. 2019 ஏப்ரலிற் குண்டுகள் வெடித்தன. 2020 மார்ச்சில் கொள்ளைநோய்க்காக ஊரடங்கு வந்தது. 2022இல் பொருளாதாரம் சரிந்தது. மூன்று தடவையும் முதலில் நின்றுபோனது வெளிநாட்டார் வருகை. கொள்ளைநோய்க் காலத்திலோ தொடுகையே தடைப்பட்டது. விடுதியை மாத்திரம் நம்பாது, அயலிலுள்ள முதியோருக்கும் தாய்மாருக்கும் பயன்படக் கற்றிருப்பவருக்கு வருமானம் சிறிதாயினும் அறுந்துபோகாது.

இனி, உருவுபவருடைய உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தொழிலில் முதலிற் தேய்வது பெருவிரலின் அடிமூட்டும் மணிக்கட்டும் ஆகும். நிலத்திற் பாய் விரித்துக் குந்தியிருந்து உருவுபவருக்கு முழங்காலும் நாரியும் கெடும். கையைத் தொங்கவிட்டு நிற்கையில் மடித்த விரல்முட்டுகள் தொடும் உயரத்திற் கட்டில் அமையவேண்டும். பெருவிரல் செய்யும் வேலையை முன்னங்கைக்கு மாற்றி, தோளின் பலத்தாலன்றி உடற்பாரத்தாலே அழுத்தப் பழகவேண்டும். மலையாளத்துக் களரி ஆசான்மார் மேலே கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு காலால் உழிச்சில் செய்வதைக் கண்டவர், கைக்கு ஓய்வு கொடுக்கும் உபாயம் பழையது என்பதை உணர்வர். ஐம்பது வயதுக்கு மேல் நாளொன்றுக்கு இருவரை உருவி, எஞ்சிய பொழுதிற் பிறருக்குக் கற்பிப்பது தோல்வியன்று.

கற்பிப்பதற்குப் பதிவு உதவும். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுள்வேதச் சட்டம் சித்த வைத்தியத்தையும் உள்ளடக்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே 1984 முதல் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. பரம்பரையாகக் கற்றவர் இத்தகைய படிப்பைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. பட்டதாரி வைத்தியரோடு சேர்ந்து வேலை செய்வாராயின் இருவருக்கும் இலாபம் உண்டு.

கால் இழந்தவரது எஞ்சிய காலுக்குச் செய்யும் பணிவிடை அத்தகைய கூட்டுவேலையே. புண் நன்றாக ஆறிய பின், தழும்பு எலும்போடு ஒட்டிப்போகாதவாறு விரலால் மெதுவாக அசைத்தல் வேண்டும். தொட்டாலே கூசும் தோலை முதலிற் பஞ்சினாலும், பிறகு மெல்லிய துணியினாலும், அதன்பின் முரட்டுத் துவாயினாலும் தடவித் தொடுகைக்குப் பழக்குதல் வேண்டும். இல்லாத பாதம் நோகின்றது என்று அவர் சொன்னால் நகையாடலாகாது. அந்நோ மெய்யானது, இவ்வாறு தடவுவதினாற் சிலருக்குத் தணிவதுமுண்டு. எண்ணெய் பூசுவது மாத்திரம் நம் வழக்கப்படி காலை முழுக்குக்கு முன் ஆகாது. எண்ணெய்ப்பசை உள்ள தோலிலே பொய்க்கால் வழுக்கும், உரைசி புண்ணும் உண்டாகும். இரவிலே, பொய்க்காலைக் கழற்றிச் சுவரிற் சாத்திவைத்த பின்னர் சிறிதளவே பூசி, விடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஈரம் உலர்ந்த பிறகே அதனை அணியச் சொல்லுதல் வேண்டும்.