தடையும் காப்பும்

ஒருவர் தம்மைப் பற்றிய செய்தியைப் பிறரிடம் ஒப்படைக்கும்போது அது ஓர் அமானிதமாகிறது. உரியவர் அறியாமல் அதனை வேறு கைக்கு மாற்ற, பெற்றுக்கொண்டவருக்கு உரிமை இல்லை. அயல்நாட்டு நிறுவனங்களின் சமூக ஊடகங்களைத் தடை செய்யும் அரசுகள் இன்று கூறும் காரணமும் இதனையொட்டியதே: மக்களின் தகவல்கள் எல்லை கடந்து செல்கின்றன என்பதாகும். அத்தடைகளால் அந்த அமானிதம் காக்கப்பட்டதா என்பதை ஈண்டு நோக்குவோம்.

தடை வந்த வழி

டிக்டாக் செயலி நம் நாட்டில் முதன்முதலில் தடைபட்டது தமிழகத்தில் தொடரப்பட்ட வழக்கொன்றினால்தான். 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதன் பதிவிறக்கத்தைத் தடுக்க ஆணையிட்டது. ஆபாசக் காட்சிகளும் சிறுவர் பாதுகாப்புமே அன்று பேசப்பட்டன. அம்மாதம் 24ஆம் நாள் தடை நீங்கியது.

2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் நடந்த மோதலில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்தனர். இரு வாரங்களில், ஜூன் 29 அன்று, டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளை நடுவண் அரசு தடை செய்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு அதற்குப் பயன்பட்டது. பயனாளரின் தகவல்கள் அயல்நாட்டுக் கணினிகளுக்குக் கள்ளத்தனமாக அனுப்பப்படுகின்றன என்ற முறையீடுகள் வந்ததாக அரசு கூறியது.

இவ்வச்சத்தை வெறும் கற்பனை என ஒதுக்கிவிட இயலாது. நாட்டின் உளவுப் பணிக்கு நிறுவனங்கள் துணை நிற்க வேண்டும் என்பது 2017இல் சீனா இயற்றிய சட்டத்தின் விதி. அமெரிக்காவும் 2024இல், டிக்டாக்கை அதன் சீன உரிமையாளர் விற்க வேண்டும், இல்லையேல் தடை எனச் சட்டம் இயற்றியது. 2025 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது.

தடை எட்டாத இடம்

எனினும் ஆபத்து ஒரு நாட்டின் செயலிகளில் மட்டும் உறைவதன்று. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில் இந்தியர் ஏறத்தாழ 5.62 லட்சம் பேரின் தகவல்கள் முறைகேடாகப் பகிரப்பட்டிருக்கலாம் என்று 2018இல் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. அந்நிறுவனமும் அயல்நாட்டதே; ஆயினும் அது தடை செய்யப்படவில்லை. தனிமறைவு அடிப்படை உரிமை என 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருந்தும், 59 செயலிகள் தடைபட்ட நாளில் தகவல் காப்புக்கெனத் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. தடை ஒரு வாயிலை அடைத்தது. ஏனைய வாயில்கள் திறந்தே கிடந்தன.

மலையடிவாரத்தில் ஒரு கேள்வி

நமது நீலகிரியையே எடுத்துக்கொள்வோம். சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி, 2024 மே 7 முதல் உதகைக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. மலை தாங்கக்கூடிய வாகனங்கள் எத்தனை என்பதை அறிவது அதன் நோக்கம், நல்ல நோக்கமே. ஆயினும் கைப்பேசி எண்ணும் வாகன எண்ணும் வருகை நாளும் தங்குமிடமும் ஓரிடத்தில் சேர்கின்றன. அவை எத்துணைக் காலம் வைக்கப்படும், வேறெதற்குப் பயன்படும் என்று கேட்பது குடிமகனின் உரிமையன்றோ? அயலாரிடம் கேட்கும் இக்கேள்வியை நம்மவரிடமும் கேட்பதே நீதியாகும்.

2023இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தகவல் காப்புச் சட்டம் இதற்கு ஓரளவு விடை தருகிறது. பெற்ற நோக்கம் நிறைவேறியபின் தகவலை அழிக்க வேண்டும் என்பது அதன் பொதுவிதி. அதன் விதிமுறைகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மைக் கடமைகள் 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். நாட்டின் பாதுகாப்பு முதலிய காரணங்களுக்காக, தான் அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு நடுவண் அரசு விலக்களிக்கலாம் என்பதும் அச்சட்டத்திலேயே உள்ளது. ஈண்டே நாம் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

தடை சில வேளைகளில் தேவையாகலாம். ஆனால் அது காப்பு ஆகிவிடாது. அமானிதத்தைப் பெறுபவர் அயலாராயினும் அரசாயினும் ஒரே அளவுகோலால் அளக்கப்படும்போதுதான் காப்பு தொடங்குகிறது.