ஒன்றரை மில்லிமீட்டர் நம்பிக்கை

விஷக் கழிவுக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே இருப்பது ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தாள். அது காக்குமா, கைவிடுமா என்பது பெரும்பாலும் அதை ஒட்டும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

2025 ஜனவரி முதல் தேதி இரவு. போலீஸ் காவலுடன் 12 கன்டெய்னர் லாரிகள் போபாலை விட்டுக் கிளம்பின. 1984 டிசம்பரில் விஷவாயு கக்கிய யூனியன் கார்பைடு ஆலையில் கேட்பாரற்றுக் கிடந்த 337 டன் கழிவு அவற்றில் இருந்தது. போக வேண்டிய இடம் சுமார் 250 கி.மீ. தொலைவில், தார் மாவட்டத்திலுள்ள பீதம்பூர். லாரிகள் வந்து சேர்ந்ததுமே ஊர் கொதித்தெழுந்தது. கடையடைப்பு, மறியல், தடியடி. பிறகு உயர் நீதிமன்றத்தின் கண்காணிப்பில் சோதனை முறையில் கொஞ்சம் எரித்துப் பார்த்தார்கள். 2025 ஜூன் இறுதிக்குள் 337 டன்னும் எரிந்து தீர்ந்தது.

ஆனால் பிரச்சினை தீரவில்லை. எரித்த பிறகு மிஞ்சியது 800 டன்னுக்கும் மேல். எரிக்கும்போது கலக்கும் சுண்ணாம்பும் பிற பொருட்களும் சேர்ந்து, போட்டதைவிட வந்தது அதிகமாகிவிட்டது. உலோகங்கள் நெருப்பில் அழிவதும் இல்லை. இந்தச் சாம்பலைப் புதைத்தாக வேண்டும். எங்கே புதைப்பது என்ற கேள்வி மீண்டும் நீதிமன்றப் படியேறியது. எங்கே புதைத்தாலும் சரி, அந்தக் குழியின் அடியில் விரிக்கப்போவது ஒரே பொருள்தான்: அடர்த்தி மிகுந்த பாலித்தீன் தாள். பொறியாளர்கள் பாஷையில் ஜியோமெம்ப்ரேன்.

தாளின் கனம் 1.5 மி.மீ. நகரக் குப்பைக் கிடங்கின் அடியில் 90 செ.மீ. களிமண்ணை இறுக்கி, அதன் மேல் இந்தத் தாளை விரிக்க வேண்டும் என்று 2000-ம் ஆண்டு விதிகளும் 2016-ம் ஆண்டு விதிகளும் வகுத்தன. அபாயக் கழிவு என்றால் மண்ணும் தாளுமான இந்த ஏற்பாடு இரண்டு அடுக்காகவே அமையும். நடுவில் ஒரு வடிகால் படுகை. மேல் தாள் கசிந்தால் அங்கே நீர் சேர்ந்து காட்டிக்கொடுக்கும்.

மகாராஷ்டிர விவசாயிகள் பண்ணைக் குட்டைகளில் விரிக்கும் பிளாஸ்டிக், இந்தத் தாளின் தம்பி. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். பண்ணைக் குட்டை ஒழுகினால் நான்கே நாளில் தண்ணீர் மட்டம் இறங்கி விவசாயிக்குத் தெரிந்துவிடும். கழிவுக் குழி ஒழுகினால் யாருக்கும் தெரியாது. பக்கத்துக் கிணற்றில் நாற்றம் வரும்போதுதான் தெரியும். அதற்குள் பல வருடங்கள் ஓடியிருக்கும்.

கல் பொறுக்கும் வேலை

வேலை தாளில் தொடங்குவதில்லை, தரையில் தொடங்குகிறது. இறுக்கிய களிமண்ணின் மேல் ஆட்கள் வரிசையாக நடந்து, துருத்தி நிற்கும் கற்களையும் வேர்களையும் பொறுக்குகிறார்கள். கோலிக்குண்டு அளவுள்ள ஒரு கூர்க்கல் போதும். மேலே பல ஆயிரம் டன் கழிவு ஏறும்போது தாளைக் குத்திவிடும். அடுத்து வருகிறது ரோல். ஏழு மீட்டர் அகலம், நூறு மீட்டர் நீளமுள்ள ஒரு ரோலின் எடை ஏறக்குறைய ஒரு டன். எந்திரத்தில் தொங்கவிட்டு, சரிவின் மேலிருந்து கீழாக உருட்டுகிறார்கள். மேல் விளிம்பைக் கரையில் வெட்டிய பள்ளத்துக்குள் மடித்துப் புதைக்கிறார்கள். காற்று தூக்கிவிடாமல் இருக்க உடனே மணல் மூட்டை வைக்கிறார்கள். பலத்த காற்று அடியில் புகுந்தால் ஒரு முழுத் தாளையே பாய்மரம்போல் எழுப்பிவிடும்.

காற்றைவிடப் பெரிய எதிரி வெயில். சூரிய ஒளி அரிக்காமலிருக்கத் தாளில் இரண்டு மூன்று சதவீதம் கார்பன் கரி கலக்கிறார்கள், அதனால்தான் கறுப்பு. கறுப்பு வெப்பத்தைக் குடிக்கிறது. கோடைப் பகலில் தாளின் மேற்பரப்பு 70 டிகிரியைத் தொடும். கை வைக்க முடியாது. சூட்டில் தாள் நீளவும் செய்கிறது. அதிகாலைக்கும் நண்பகலுக்கும் 40 டிகிரி வித்தியாசம் இருந்தால் நூறு மீட்டர் தாள் அரை மீட்டருக்கு மேல் நீண்டு, அலை அலையாகச் சுருக்கம் விழும். மதியம் சுருக்கமே இல்லாமல் இழுத்து ஒட்டினால், இரவில் தாள் சுருங்கி மூலைகளில் தரையை விட்டு எழும்பி நிற்கும். தளர்வாக விட்டால் சுருக்கம் அப்படியே புதையும். அதனால் ஒட்டும் வேலை பெரும்பாலும் காலையிலும் மாலையிலும். மழையிலும் பனியீரத்திலும் கூடவே கூடாது.

சுருக்கம் என்பது அழகுப் பிரச்சினை அல்ல. தாள் களிமண்ணோடு ஒட்டிப் படிந்திருந்தால், ஓட்டை விழுந்தாலும் அந்த இடத்து மண்ணே அடைப்பானாகிவிடும், கசிவு சொற்பம். சுருக்கத்தின் மேல் ஓட்டை விழுந்தால், இறங்கும் நீர் சுருக்கத்தின் அடியிலுள்ள சந்து வழியே ஓடி, நெடுந்தூரத்துக்கு மண்ணை நனைக்கும்.

இரண்டு கோடுகள், நடுவே காற்று

ஒரு ஏக்கர் குழிக்குச் சுமார் 600 மீட்டர் நீளத்துக்கு ஜாயின்ட் போட வேண்டும். ஒரு தாளின் ஓரத்தின் மேல் அடுத்ததை நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் ஏற்றி, ஓரங்களை ஈரமும் தூசியும் இல்லாமல் துடைத்து, நடுவே சிறிய எந்திரம் ஒன்றை விடுகிறார்கள். அதன் உள்ளே 400 டிகிரி அளவுக்குக் காய்ந்த ஓர் உலோக ஆப்பு. மேல் தாளின் அடிப்புறமும் கீழ்த் தாளின் மேற்புறமும் அதை உரசி உருக, பின்னால் வரும் உருளைகள் இரண்டையும் அழுத்திச் சேர்க்கின்றன. நிமிடத்துக்கு இரண்டு மீட்டர் அளவில் எந்திரம் தானாகவே ஊர்ந்து போகிறது. வேகம் கூடினால் ஒட்டாது. குறைந்தால் தாள் வெந்து பலவீனமாகும். வெயில் ஏற ஏற சூட்டையும் வேகத்தையும் மாற்ற வேண்டும். தினமும் வேலை தொடங்குமுன் துண்டுத் தாளில் ஒட்டிப் பார்த்து, அதைப் பிய்த்துச் சோதித்த பிறகே குழிக்குள் இறங்க வேண்டும் என்பது விதி.

எந்திரம் போடுவது ஒரு கோடு அல்ல, இணையான இரண்டு கோடுகள். நடுவே ஒட்டாத மெல்லிய குழாய்போல ஒரு வழி. இரு முனைகளையும் அடைத்து, ஊசி செருகி, சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோல அடிக்கிறார்கள். ஐந்து நிமிடம் அழுத்தமானியில் முள் இறங்காமல் நின்றால் பாஸ். கடைசியில் மறுமுனையை வெட்டுகிறார்கள். காற்று புஸ்ஸென்று வெளியேற வேண்டும். வராவிட்டால் வழி இடையில் அடைபட்டிருக்கிறது, பாதி ஜாயின்ட் சோதிக்கப்படவே இல்லை என்று அர்த்தம்.

குழாய் நுழையும் இடம், மூலை, ஒட்டுப்போட்ட இடம் ஆகியவற்றில் எந்திரம் போகாது. அங்கே கைத்துப்பாக்கி போன்ற கருவியால் உருகிய பாலித்தீனைப் பிதுக்கி ஒட்டுகிறார்கள். ஓட்டைகள் அதிகம் தப்பிவிடுவது இங்கேதான். சோப்பு நீர் தடவி, கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுகிறார்கள். குமிழி வந்தால் கசிகிறது. இது தவிர, சுமார் 150 மீட்டருக்கு ஒரு இடத்தில் ஜாயின்டையே வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கூடத்தில் இழுத்துப் பார்க்கிறார்கள். ஜாயின்ட் பிரியக் கூடாது. அதற்கு முன் தாளே கிழிய வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் நன்றாகப் போட்ட லைனரில்கூட ஏக்கருக்கு ஒன்றிரண்டு ஓட்டைகள் இருக்கும் என்று வைத்துத்தான் பொறியாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். போதாததற்கு, தாள் மேல் சரளையும் மண்ணும் பரப்பும்போதுதான் பெரும்பாலான சேதம் நேர்கிறது. வாரக்கணக்கில் பார்த்துப் பார்த்து ஒட்டியதை ஒரு புல்டோசரின் பல் நொடியில் கிழித்துவிடும். டிரைவருக்கே தெரியாது. மூடிய பிறகும் மின்சாரம் பாய்ச்சி ஓட்டையைக் கண்டுபிடிக்க வழி உண்டு. பாலித்தீன் மின்சாரத்தைக் கடத்தாது. ஓட்டை இருந்தால் மட்டுமே ஊடுருவும். செலவாகும் வேலை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் நடக்கும்.

போபால் கற்ற பாடம்

ஜியோமெம்ப்ரேன் என்ற பெயரை பிரெஞ்சுப் பொறியாளர் ழான் பியர் ஜிரூ புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 1977-ல். அதே 1977-ல்தான் யூனியன் கார்பைடு தன் ஆலைக்கு வடக்கே, சுமார் 400 மீட்டர் தள்ளி, கழிவு நீரை வெயிலில் வற்றவைக்கக் குளங்களை அமைத்தது. பரப்பு சுமார் 14 ஹெக்டேர். அடியில் விரித்தது அடர்த்தி குறைந்த பாலித்தீன் தாள். இன்றைய அகல ரோலைக் கொண்டு அந்தப் பரப்பை மூடினாலே 20 கி.மீ. நீளத்துக்கு ஜாயின்ட் வேண்டும்.

ஐந்தே ஆண்டுகளில் குளம் கசிந்தது. 1982-ல் போபாலிலிருந்து அமெரிக்காவுக்குப் போன தகவல்கள் இதைக் குறிப்பிட்டன. பின்னாளில் நியூயார்க் நீதிமன்ற வழக்கில்தான் அந்த ஆவணங்கள் வெளிவந்தன. விஷவாயு கசிவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே விஷ நீர் கசிந்துகொண்டிருந்தது. ஆலை வளாகத்தில் கொட்டிய கழிவும் சேர்ந்து சுற்றுப்புறக் குடியிருப்புகளின் நிலத்தடி நீரைக் கெடுத்தது. குழாயில் நல்ல தண்ணீர் கொடுங்கள் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேச அரசுக்கு உத்தரவிட வேண்டியதாயிற்று. பாதியில் நின்றுபோன ஒரு பிளாஸ்டிக் தாளின் விலையை, வாயுவிலிருந்து தப்பிய குடும்பங்களும் குடத்தில் கொடுத்தன.

இன்றைய தாள் அன்றையதைவிடப் பல மடங்கு உறுதியானது. மூடப்பட்டு, சூடு ஏறாமல் இருந்தால் நூறாண்டுகளைத் தாண்டி உழைக்கும் என்கின்றன ஆய்வுகள். ஆனால் ஒட்டுவது இன்றும் மனிதக் கைகள்தான். ஒப்பந்தத் தொகை சதுர மீட்டர் கணக்கில். அதில் வேகத்துக்குப் பரிசு உண்டு, பொறுமைக்கு இல்லை. மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் முதலில் அடிபடுவது சோதனை.

ஒழுங்காக நடக்கும் வேலைத்தளத்தில் ஒவ்வொரு ஜாயின்டுக்கும் ஒரு எண் உண்டு. பக்கத்திலேயே தாளின் மேல் தேதி, நேரம், எந்திரத்தின் சூடு, வேகம், ஒட்டியவரின் பெயரெழுத்து ஆகியவற்றை மார்க்கரில் எழுதுகிறார்கள். அதே விவரம் பதிவேட்டிலும் ஏறுகிறது. அடுத்த வாரம் தாளில் எழுதியது மண்ணுக்குள் போய்விடும். பிறகு குழியைப் பற்றிச் சாட்சி சொல்ல மிஞ்சுவது பதிவேடும், சுற்றிலும் தோண்டிய கண்காணிப்புக் கிணறுகளும் மட்டுமே. தங்கள் ஊர்ப் பக்கம் எந்தச் சாம்பல் வந்தாலும் பீதம்பூர் மக்களால் அடியிலுள்ள தாளைப் பார்க்க முடியாது. பதிவேட்டைக் கேட்கலாம். குழி மூடப்படுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.