ஆற்று வளைவின் வரவு செலவு



வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குப் பார்த்தவன் நான். ஓய்வு பெற்றதும் தாராபுரத்துக்குக் கிழக்கே, அமராவதி ஆற்று வளைவில் நாலு ஏக்கர் வாங்கினேன். தண்ணீர் பக்கத்திலேயே இருக்குன்னு சந்தோஷம். வளைவின் வெளிப்பக்கம் என்பதை யோசிக்கவில்லை. மூன்று வெள்ளத்தில் எட்டு சென்ட் நிலமும் நாலு தென்னையும் போச்சு. அந்த எட்டு சென்ட் இன்னமும் என் பட்டாவில்தான் இருக்கு, ஆனால் ஆற்றுக்குள்ளே!

அதே காலத்தில் எதிர்க்கரையில் மணல் திட்டு வளர்ந்துகொண்டே வந்தது. "என் மண்ணுதானுங்க அது. திட்டை வெட்டி எடுத்தா ஆறு அந்தப் பக்கம் திரும்பிரும்" என்று எதிர்க்கரை அண்ணனிடம் சண்டைக்கே போனேன். "ஆத்தை நானா திருப்புனேன், தம்பி?" என்றார். பிறகு படித்துப் பார்த்தால், தப்பு என் கணக்கில்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்க. கண்ணாடி டம்ளர் தண்ணீரில், கொதித்து வடிகட்டிய டீத்தூளைக் கொஞ்சம் போட்டு, கரண்டியால் சுழற்றிவிட்டுக் கரண்டியை எடுத்துவிடுங்க. தூள் ஓரத்துக்கு ஒதுங்கும்னுதான் நினைப்போம். ஆனால் அடியில், நடுவில் குவியும். ஆறுகள் ஏன் வளைகின்றன என்று 1926இல் ஐன்ஸ்டீன் எழுதிய கட்டுரையில் இதைத்தான் எடுத்துக்காட்டினார்.

சுழலும் தண்ணீர் ஓரத்தில் சற்று உயர்ந்து நிற்கும். அந்த அழுத்தம் தண்ணீரை உள்பக்கம் தள்ளும். மேல்தண்ணீர் வேகமாக ஓடுவதால் அதை மீறி வெளியே போகும். அடித்தண்ணீர் தரையில் உராய்ந்து வேகம் குறைவதால் உள்ளே தள்ளப்படும். ஆற்று வளைவிலும் இதேதான். மேல்தண்ணீர் வெளிக்கரையில் மோதி, கீழே இறங்கி, அடிமண்ணைக் கிளப்பிக்கொண்டு உள்கரை நோக்கிப் போகும். கயிறு திரிக்கிற மாதிரி முறுக்கிக்கொண்டே ஓடும். அதனால்தான் வெளிக்கரையில் மடு, உள்கரையில் திட்டு.

கூழாங்கல் உருண்டு போகும். மணல் தாவித் தாவிப் போகும். வண்டல் தண்ணீரில் கலந்தே போகும். வேகம் குறையக் குறைய முதலில் கல், அடுத்து மணல், கடைசியில் வண்டல் படியும். உள்கரை நிலத்தில் குழி எடுத்தால் மேலே வண்டல், கீழே மணல் இருக்கும். விளைச்சல் வரும், ஈரம் நிற்காது. அங்கே மூடாக்கு கட்டாயம்.

சரி, என் மண் எங்கே போச்சு? முறுக்கி ஓடினாலும் தண்ணீரின் போக்கு முன்னோக்கித்தான். அரித்த மண்ணில் பெரும்பகுதி நேர் எதிரே சேராது. கீழே அடுத்த வளைவில், நம்ம பக்கத்துத் திட்டிலேயே சேரும். அண்ணன் திட்டில் இருப்பது பெரும்பாலும் மேலே வேறு யாரோ இழந்தது. போய் மன்னிப்புக் கேட்டேன்.

திட்டை அள்ளியிருந்தால் இன்னும் மோசம். மேலிருந்து வரும் மணல் அந்தப் பள்ளத்தில் விழுந்துவிடும். மணல் இழந்த தண்ணீர் பசியோடு கீழே போய் ஆற்றுப் படுகையையும் கரையையும் தின்னும். அணைக்குக் கீழே ஓடும் ஆறுகளுக்கு இந்தப் பசி ஏற்கெனவே உண்டு.

வெள்ளம் வடியும்போது கரை அதிகம் சரியும். மண் நனைந்து கனத்திருக்கும். தாங்கி நின்ற தண்ணீரோ இறங்கிவிடும். நான் கரை விளிம்பில் கல் கொட்டினேன். அடி அரித்து, கல்லோடு சேர்ந்து சரிந்தது. காப்பாற்ற வேண்டியது விளிம்பை அல்ல, அடியை.

இப்போது செங்குத்துக் கரையைச் சரிவாக்கி, அடியில் நாணல், சரிவில் வரிசையாக வெட்டிவேரும் நொச்சியும், மேலே புங்கனும் நீர்மருதும் வைத்திருக்கிறேன். விளிம்பிலிருந்து பத்து மீட்டருக்கு உழவே கிடையாது. நொச்சிப் போத்து வெட்டிக் கொடுத்தவர் அந்த அண்ணன்தான். போன வெள்ளத்தில் நாணல் கொஞ்சம் போச்சு, கரை நின்றது. ஆற்றுப் புறம்போக்கில் கை வைக்கும் முன் நீர்வளத் துறையில் கேட்டுக்கொள்ளுங்க.

ஆற்றோரம் நிலம் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு பழைய வங்கிக்காரனின் யோசனை: வில்லங்கச் சான்று பார்க்கும் முன், வளைவின் எந்தப் பக்கம்னு பாருங்க.