முதுகை நிமிர்த்துமுன்

பருவ வயதிலே பெண்ணொருத்தியின் தோள்களுள் ஒன்று சற்றே உயர்ந்து நிற்கும். இடையின் ஒரு பக்கம் குழிந்தும் மறுபக்கம் தட்டையாகவும் இருக்கும். குனிந்தால் முதுகின் ஒரு புறம் திரண்டு தோன்றும். தாயின் கண்ணுக்கு இது படாமற் போவதில்லை. ஆயினும், கலியாணப் பேச்சுக்கு இடையூறாகுமென்று அஞ்சிச் சேலைத் தலைப்பினால் அதை மறைத்துவிடும் வழக்கம் நம் குடும்பங்களில் இருந்து வந்துள்ளது. மறைக்கப்பட்ட வளைவோ மறைந்துவிடுவதில்லை. அப்பெண் பிள்ளை பெற்று வளர்த்து நாற்பது ஐம்பது வயதை எட்டும்போது, நாரி நோவென்றும் கால் விறைப்பென்றும் அது மீண்டும் தலைகாட்டுகின்றது. அப்பொழுதுதான் சத்திரசிகிச்சை என்ற பேச்சும் முதன்முறையாக வீட்டுக்குள் வருகின்றது.

முள்ளந்தண்டைப் பக்கத்திலிருந்து நோக்கினால் மெல்லிய வளைவுகள் காணப்படும், அவை இயற்கையானவை. முன்னிருந்து நோக்கினால் அது நேராக நிற்றல் வேண்டும். அவ்வாறன்றி, இடமோ வலமோ வளைந்து, வளையும்போதே முறுக்கிய கயிறு போலத் திருகியும் நிற்பதைத்தான் வைத்தியர்கள் 'ஸ்கோலியோசிஸ்' என்பர். 'வளைந்தது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. நாமோ எல்லாவற்றையும் 'கூன்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். கூன் முன்னோக்கி வளைவது. இது பக்கவாட்டில் வளைவது. வளைவின் அளவைக் கதிர்ப்படத்தில் கோடு கீறிப் பாகைக் கணக்கிற் சொல்லும் முறையை 1948ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் ஜோன் கொப் வகுத்தார். 10 பாகையும் அதற்கு மேற்பட்டதுமே இந்நோயெனக் கொள்ளப்படும். இளமையில் தோன்றாது, ஐம்பது வயதின் பின் முள்ளென்புகளுக்கிடையே மெத்தைபோற் கிடக்கும் தட்டுகள் தேய்வதாற் புதிதாக உண்டாகும் வளைவும் உண்டு.

வளைவு கண்டவரெல்லாம் கத்திக்கு உட்படவேண்டியவரல்லர். 1485ஆம் ஆண்டிலே போர்க்களத்தில் மடிந்த இங்கிலாந்து மன்னன் மூன்றாம் றிச்சார்ட்டின் எலும்புகள் 2012ஆம் ஆண்டில் லெஸ்டர் நகரத்து வாகனத் தரிப்பிடமொன்றின் கீழ் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவனது முள்ளந்தண்டு 60 பாகைக்கு மேல் வளைந்திருந்தது. அம்முதுகோடுதான் அவன் கவசம் பூண்டு போர் செய்தான். 30 பாகைக்கு உட்பட்ட வளைவு, வளர்ச்சி நின்றபின் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடுகின்றது. மார்புப் பகுதியில் 50 பாகையைத் தாண்டியதோ வளர்ந்தவரிடத்தும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு பாகையாகக் கூடிச் செல்வதுண்டு. வளைவு கூடிக்கொண்டே போதல், நரம்பு நெருக்குண்டு கால் வலித்தலும் பலங்குன்றுதலும், நிமிர்ந்து நிற்க இயலாமற் போதல், தேகப் பயிற்சியும் மருந்தும் ஊசியும் பயன்படாத நோவு ஆகியவையே வளர்ந்தவர்களைச் சத்திரவைத்தியரிடம் கொண்டு செல்கின்றன.

இங்கே ஒன்றை அழுத்திக் கூறவேண்டும். கால் திடீரெனச் செயலிழந்தாலோ, மலசலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ அன்றி, இது நாளைக்கே செய்துகொள்ள வேண்டிய சிகிச்சையன்று. அந்நிலைகளில் மட்டும் ஒரு நாளும் தாமதியாது வைத்தியசாலைக்கு விரையவேண்டும். ஏனையோர்க்குச் சில மாத காலம் கையில் இருக்கின்றது. அந்த மாதங்களை எவ்வாறு செலவிடுகிறோம் என்பதைப் பொறுத்தே சிகிச்சையின் பலனும் பெரிதும் அமைகின்றது. ஏனெனில் பதினான்கு வயதுப் பிள்ளையின் எலும்பும் ஐம்பத்தைந்து வயதினரின் எலும்பும் ஒன்றல்ல. வளர்ந்தவர்களுக்கான பெரிய முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையில் பத்துப் பேரில் நால்வர்க்கோ அதற்கு மேற்பட்டோர்க்கோ, சிறிதும் பெரிதுமாக ஏதேனுமொரு சிக்கல் நேர்வதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் வைத்தியர் இதைச் சொல்லும்போது நோயாளி முதன்முறையாகக் கேட்டுத் திடுக்கிடலாகாது.

சத்திரசிகிச்சையில் என்ன நடக்கின்றது? உலோகக் கோலொன்றை வைத்து முதுகை நிமிர்த்திவிடுகிறார்கள் என்றே பலரும் எண்ணியிருக்கிறார்கள். இது பாதி உண்மையே. நியூயோர்க்கைச் சேர்ந்த றசல் ஹிப்ஸ் 1911ஆம் ஆண்டிலே முள்ளென்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும் முறையைத் தொடக்கினார். அக்காலத்தில் நோயாளிகள் மாதக்கணக்கிற் சாந்துக்கட்டுக்குள் கிடக்க வேண்டியிருந்தது. பின்னர், இளம்பிள்ளைவாதத்தால் முதுகு வளைந்த பிள்ளைகளுக்காக ஹூஸ்டன் நகரத்து வைத்தியர் போல் ஹறிங்டன் உலோகக் கோல்களை அமைத்து, தமது அனுபவத்தை 1962ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று முள்ளென்புகளில் திருகாணிகளை ஏற்றி, அவற்றைத் தைத்தேனியம் முதலிய உலோகத்தாலான இரு கோல்களோடு பிணைத்து, இடையிடையே என்புத் துண்டுகளை இட்டு வைக்கிறார்கள். அத்துண்டுகள் வளர்ந்து முள்ளென்புகள் ஒரே என்பாக இணைதல் வேண்டும்.

ஒட்டு மாங்கன்று கட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கட்டிய நார் இரு தண்டுகளையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றது. ஆனால் ஒன்றாவது தண்டுகளே. நார் எத்துணை உறுதியானதாயினும், ஒட்டுப் பிடிக்காவிட்டாற் கறுத்தக்கொழும்பான் காய்க்கப் போவதில்லை. முதுகிலும் அப்படியே. என்பு ஒட்டுவதற்கு ஆறு மாதம், ஓராண்டு, சிலவேளை அதற்கு மேலும் செல்லும். ஒட்டாவிட்டால், ஓயாது அசைந்து அசைந்து உலோகமே ஈற்றில் முறிந்துபோகும். ஆகவே முன்னாயத்தமென்பது என்பை ஒட்டுவதற்குத் தகுதியாக்கலே.

இதிற் புகையிலை முதற் பகையாகும். நிக்கொட்டின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கி, என்பு ஒட்டுவதையும் புண் ஆறுவதையும் கெடுக்கின்றது. சிகிச்சைக்குப் பல வாரங்கள் முன்னரே நிறுத்தி, என்பு ஒட்டும்வரை மீண்டும் தொடாதிருத்தல் வேண்டும். சிகரெட்டும் சுருட்டும் மாத்திரந்தான் இதில் அடங்குமென எண்ணி, வெற்றிலையோடு ஒரு துண்டு புகையிலையை வாயில் அடக்கிக்கொள்ளும் நம் தாய்மார் அதைப் பற்றி வைத்தியரிடம் வாய் திறப்பதேயில்லை. யாழ்ப்பாணத்துப் புகையிலைக்கு நெடுநாட் புகழுண்டு. என்பு அப்புகழை அறியாது.

அடுத்தது என்பின் அடர்த்தி. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வயது முதிர்ந்த ஆண்களுக்கும் இதனை அளந்து பார்த்தல் அவசியம். மெலிந்த என்பில் ஏற்றிய திருகாணி, உளுத்த பலகையில் ஏற்றியதுபோற் கழன்றுவிடக்கூடும். குறைபாடு கண்டால் மருந்து கொடுத்துச் சில மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். காத்திருப்பதில் நட்டமில்லை. வெயில் நிறைந்த நாடாதலால் நமக்கு உயிர்ச்சத்து 'டி' குறையாது என்றும் நம்பிவிடலாகாது. நாள் முழுவதும் வீட்டுக்குள் இருப்பவர்க்கு வெளியே எறிக்கும் வெயிலாற் பயனென்ன? நீரிழிவுள்ளவர்கள் அன்றைய சீனியை மட்டுமன்றி, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையையும் செய்து, அதனை வைத்தியர் குறித்த எல்லைக்குட் கொண்டு வருதல் வேண்டும். இன்றேற் புண்ணிற் கிருமி பற்றும் அபாயம் கூடும். இரத்தச் சோகையிருப்பின் முன்னரே நீக்கிக்கொள்ளல் நன்று, ஏனெனில் பல மணிநேரம் நீடிக்கும் இச்சிகிச்சையில் இரத்த இழப்பு சிறிதன்று. மீன், முட்டை, பருப்பு, பயறு, தயிர் என்பன நாடோறும் உணவிற் சேரட்டும். மெலிந்து அழகாகப் போவோமென்று இந்த மாதங்களிற் பட்டினி கிடப்பது பேதைமை.

அஸ்பிரினும் இரத்தத்தை இளக்கும் ஏனைய மாத்திரைகளும் உட்கொள்வோர், அவற்றைத் தாமாக நிறுத்தவுங் கூடாது, சொல்லாமற் தொடரவுங் கூடாது. எதை எந்நாளில் நிறுத்துவதென்பதை வைத்தியர் தீர்மானிக்க வேண்டும். நாட்டு வைத்தியரிடம் வாங்கிய குளிசையும் கஷாயமும் மருந்தே. அவற்றையும் பட்டியலிற் சேர்த்து மயக்கமருந்து வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

இனி, பலரும் கேளாமல் விடும் கேள்விக்கு வருவோம். எத்தனை முள்ளென்புகளை ஒட்டப் போகிறார்கள்? எதுவரை? மார்புப் பகுதி விலாவென்புகளோடு பிணைந்திருப்பதால் இயல்பாகவே அங்கு அசைவு குறைவு. அப்பகுதி மட்டும் ஒட்டப்பட்டவர் நாளடைவில் வேறுபாட்டை அதிகம் உணர்வதில்லை. இடைப்பகுதி முழுவதையும் ஒட்டி இடுப்பென்பு வரை கோலை இறக்கினாற் கதை வேறு. நோவு குறையலாம், நிமிர்ந்து நடக்கலாம். ஆனால் இடை வளையாது. இடுப்பு மூட்டில் மட்டுமே குனியலாம். மேல்நாட்டுப் புத்தகங்கள் சப்பாத்தின் நாடாவைக் கட்டுவது கடினமென்று எழுதுகின்றன. நமக்கோ அதைவிடப் பெரிய காரியங்கள் உண்டு. பாய் விரித்து நிலத்திற் படுத்தல், சம்மணமிட்டு வாழையிலையின்முன் அமர்தல், திருவலையிற் குந்தியிருந்து தேங்காய் துருவுதல், கோயிலில் வீழ்ந்து வணங்குதல், காலைக் கழுவி நகம் வெட்டுதல் என எல்லாம் முதுகு வளையும் என்ற நம்பிக்கையிலே அமைந்த வாழ்க்கை நம்முடையது. சொல்லக் கூசும் ஒன்றையும் சொல்லியே ஆகவேண்டும்: மலங்கழித்தபின் கையை எட்டிக் கழுவுவதும் சிலர்க்குச் சிரமமாகும். நீர்க்குழாயோடு கூடிய இருக்கை மலசலகூடம் அவர்களுக்கு ஆடம்பரமன்று.

ஆதலால் வைத்தியரைக் காணச் செல்லும்போது தம் ஒரு நாட் பொழுதை விடியல் முதல் இரவு வரை எழுதிக்கொண்டு செல்வது நல்லது. 'இவற்றுள் எவற்றை நான் இழப்பேன்? எதற்காக இழக்கிறேன்? செய்யாது விட்டாற் பத்து ஆண்டுகளில் என்னாகும்? இத்தகைய சிகிச்சையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?' என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. நல்ல வைத்தியர் இதற்குச் சினங்கொள்ளார். மற்றொரு வைத்தியரின் அபிப்பிராயத்தையும் பெறலாம். வீட்டாரும் இப்பேச்சின்போது உடனிருத்தல் வேண்டும். 'நோவெல்லாம் போய்விடும்' என்று எண்ணியிருக்கும் கணவரும், 'இனி எழும்பவே மாட்டாள்' என்று அழும் மாமியாரும் ஒரே வார்த்தையை ஒரே நேரத்தில் கேட்பது பிற்காலத்துச் சச்சரவுகளைத் தவிர்க்கும்.

வீட்டைத் திருத்துவது இரண்டொரு நாள் வேலைதான். நிலத்திற் படுப்பவர்க்கு முழங்கால் உயரமுள்ள கட்டில் வேண்டும். சாய்மனைக் கதிரையை ஒதுக்கிவிட்டுக் கைபிடியுள்ள நிமிர்ந்த கதிரையை வைக்கலாம். அரிசி, மாவு, சட்டி, பானை என்பவற்றைக் குசினியின் கீழ்த்தட்டிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு மாற்றுக. குந்து மலசலகூடம் மட்டுமே உள்ள வீட்டில் அதன்மேல் வைக்கும் கதிரை கிடைக்கும். குளிக்குமிடத்திற் பாசி நீக்கி, சுவரிற் பிடியொன்று பொருத்துக. நீண்ட கைபிடியுள்ள விளக்குமாறு இருந்தாலும் முதல் மூன்று மாதத்திற்கு அதைப் பிறர் கையிற் கொடுத்துவிடுதலே உத்தமம். குனிதல், பாரந்தூக்கல், உடலைத் திருகுதல் ஆகிய மூன்றும் அக்காலத்தில் விலக்கப்பட்டவை. கிணற்றில் நீரள்ளுவதில் இம்மூன்றும் ஒருங்கே இருக்கின்றன! கைக்குழந்தையைத் தூக்குவதும் அவ்வாறே; குழந்தையைக் கட்டிலில் ஏற்றிவிட்டு அருகில் அமர்ந்துகொள்ளலாம். முதற் சில வாரங்களுக்கு எந்நேரமும் ஒருவர் கூட இருத்தல் வேண்டும் என்பதால், சகோதரியோ மகளோ எப்பொழுது லீவு எடுப்பதென்பதையும் முன்கூட்டியே பேசி முடித்தல் நன்று.

உடலையும் பழக்கவேண்டும். நாடோறும் இயன்ற தூரம் நடத்தல், ஆழ்ந்து மூச்சிழுத்தல், தொடைத் தசைகளை உறுதியாக்குதல் என்பவை முன்னரே தொடங்கட்டும். படுக்கையிலிருந்து எழும் முறையையும் இப்பொழுதே பழகலாம்: தோளும் இடுப்பும் சேர்ந்து மரக்குற்றிபோல் உருண்டு பக்கவாட்டிற் கிடந்து, கால்களைக் கீழே விடுவதோடு கையை ஊன்றி எழுதல். நோவோடு புதிதாகக் கற்பதைவிட, நோவின்முன் கற்பது எளிது.

சத்திரசிகிச்சையின்போது முண்ணாணுக்குச் சேதம் நேராதிருக்க, மின்குறிகளை அனுப்பிக் கால்களின் நரம்புத் தொடர்பை இடையறாது கவனிக்கும் கருவிகள் உள்ளன. 1973ஆம் ஆண்டில் பிரான்சிய வைத்தியர்கள், நோயாளியை நடுவிலே சற்று விழிக்கச் செய்து 'காலை அசையுங்கள்' எனக் கேட்கும் முறையை வெளியிட்டார்கள். ஐயம் எழுமிடத்து அதனை இன்றும் கையாளுவதுண்டு. அவ்வாறு கேட்கக்கூடுமென்று முன்னரே சொல்லப்பட்டவர் அஞ்சமாட்டார்.

அதன்பின் முதலாம் இரண்டாம் நாளிலேயே எழுப்பி நிறுத்திவிடுவார்கள். நோவு மருந்துகளால் மலச்சிக்கல் வரும். பப்பாசியும் நீரும் போதாவிட்டால் மருந்து கேட்க வெட்கப்பட வேண்டாம். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் 'ஏன்தான் செய்துகொண்டேனோ' என்று கண்கலங்குவோர் பலர். வீட்டார் அதைப் பொறுமையோடு கேட்டிருத்தல் போதும். ஆனால் காய்ச்சலோ, புண்ணில் நீர் வடிதலோ, காலிற் புதிய பலவீனமோ, கெண்டைக்கால் வீக்கமோ, மூச்சுத் திணறலோ கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். இருந்தெழுதும் உத்தியோகம் பார்ப்போர் ஏறக்குறைய மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பலாம். உடலுழைப்புச் செய்வோர்க்கு அதைவிட நெடுங்காலம் செல்லும்.

முதுகு நிமிர்ந்ததும் சிலர் ஓரங்குலம், ஈரங்குலம் உயர்ந்துவிடுவதுண்டு. பழைய மேற்சட்டைகள் அப்பொழுது ஒரு பக்கம் தூக்கி நிற்கும். வீக்கம் வற்றி உடம்பு தேறுமட்டும், தையற்காரரிடம் புது அளவு கொடுக்க அவசரப்பட வேண்டாம்.