புறாவுக்கு ரத்தப் பரிசோதனை!

எங்கள் ஆபீஸ் மூன்றாவது மாடி சன்ஷேடில் ஒரு புறா ஜோடி குடித்தனம் நடத்துகிறது. வாடகை கிடையாது, அட்வான்ஸ் கிடையாது. ஜன்னலோர ஃபைல்களில் அவை போட்டுவிட்டுப் போகும் 'கையெழுத்'தைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போன ஹெட்கிளார்க், "ஏம்ப்பா, இந்தச் சனியனுங்களால யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று தினமும் என்னிடம் கேட்பார். நானும் தலையாட்டி வைப்பேன்.

இனிமேல் ஆட்டுவதாக இல்லை. காரணம், நியூயார்க் புறாக்கள்!

அந்த ஊரில் அடிபட்ட, நோய்வாய்ப்பட்ட பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் இடம் ஒன்று இருக்கிறது. 2010 முதல் 2015 வரை அங்கே வந்த 825 புறாக்களின் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் இருந்தது என்ற கணக்கைக் கையில் எடுத்தார்கள் ரெபெக்கா கலிசி, ஃபேம் காய் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள். இன்னொரு பக்கம், நகரச் சுகாதாரத் துறையிடம் குழந்தைகளின் ரத்தத்திலிருந்த ஈயத்தைப் பற்றிப் பேட்டை வாரியாக ஒரு கணக்கு இருந்தது. இரண்டையும் அக்கம்பக்கத்தில் வைத்துப் பார்த்தால்... புறாவுக்கு ஈயம் அதிகமிருந்த பேட்டைகளில் குழந்தைகளுக்கும் அதிகம்! கோடைக்காலத்தில் புறாவுக்கு ஏறுகிறதா, குழந்தைக்கும் ஏறுகிறது. 2016-ல் வெளியான ஆராய்ச்சி இது.

'அதெப்படி சார், புறாவுக்கும் புள்ளைக்கும் முடிச்சு?' என்கிறீர்களா? இருக்கிறது.

புறா பெரும்பாலும் தன் பேட்டையை விட்டுப் போகாது. நாம் இழுக்கும் காற்றைத்தான் இழுக்கிறது, நாம் நடக்கும் நடைபாதையில்தான் நடக்கிறது, நாம் சிந்தியதைத்தான் பொறுக்குகிறது. அதற்குப் பல் கிடையாதே... மணலையும் பொடிக்கல்லையும் கொத்தி விழுங்கித்தான் வயிற்றுக்குள் தீனியை அரைக்கிறது. அந்தப் பொடியோடு, பழைய சுவரிலிருந்து உதிர்ந்த பெயின்ட்டும், ஒரு காலத்துப் பெட்ரோல் புகையில் வந்து மண்ணில் படிந்த ஈயமும் உள்ளே போய்விடலாம். தரையில் தவழ்ந்துவிட்டுக் கையை வாயில் வைக்கும் குழந்தையும் கிட்டத்தட்ட இதைத்தானே செய்கிறது?

பறவையைக் காவலுக்கு வைப்பது புது விஷயமல்ல. பிரிட்டன் சுரங்கங்களில் விஷவாயுவைக் கண்டுபிடிக்கக் கானரிக் குருவியைக் கூண்டோடு இறக்குவார்கள். மூச்சை இழுக்கும்போது மட்டுமல்ல, விடும்போதும் பறவையின் நுரையீரலில் புதுக் காற்று ஓடும். அதனால் விஷம் முதலில் தாக்குவது அதைத்தான். குருவி மயங்கினால் ஆட்கள் ஓட்டம்! எலெக்ட்ரானிக் கருவி வந்து, கானரிக்குக் கட்டாய ரிட்டையர்மென்ட் கொடுக்க 1986 ஆகிவிட்டது.

ஈயம் கலந்த பெட்ரோலை இந்தியா 2000-த்திலேயே நிறுத்திவிட்டது. 2021-ல் அல்ஜீரியாவும் நிறுத்த, உலகத்தில் எந்த பங்க்கிலும் கார்களுக்கு அது கிடையாது. ஆனால், மண்ணில் விழுந்த ஈயம் மக்குவதில்லை; அங்கேயே உட்கார்ந்திருக்கும். குழந்தையின் மூளையைத்தான் அது முதலில் பதம் பார்க்கும். 'இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை' என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

ஹெட்கிளார்க்கிடம் இதையெல்லாம் சொன்னேன். வழக்கமாகக் கிண்டலடிப்பவர், அன்று அடிக்கவில்லை.

"என் பேரன் இப்பத்தாம்ப்பா தவழ ஆரம்பிச்சிருக்கான். அறுபது வருஷத்து வீடு. சுவரெல்லாம் பெயின்ட் உரிஞ்சு கிடக்கு..."

"பெயின்ட்டைக் காய்ஞ்சபடியே சுரண்டாதீங்க சார், தூள் பறக்கும். தரையை ஈரத்துணியால துடைக்கச் சொல்லுங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி பையன் கையைக் கழுவி விடுங்க. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு ரத்தமும் பார்த்துடுங்க."

தலையாட்டினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "உனக்கு எவ்வளவுடா ஏறியிருக்கு?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார்.

பதிலுக்கு அது, அவருடைய ஃபைலில் ஒரு கையெழுத்துப் போட்டது. அன்று மட்டும் அவர் திட்டவில்லை.