சேனலுக்கு 150 வாட்ஸ்: எந்தக் கணக்கில்?

ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது வாட்ஸைத்தான். ‘சேனலுக்கு 150 வாட்ஸ், ஏழு சேனல்’ என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் வரியைப் படியுங்கள்: ‘6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% ஒலிச் சிதைவு, ஒரு சேனல் மட்டும்.’ விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஒரு சேனல் மட்டும் இயங்கும்போது உள்ளிருக்கும் மின்வழங்கி முழுவதும் அந்த ஒன்றுக்கே உழைக்கிறது. ஏழும் சேர்ந்து பாடினால் பங்கு சுருங்கிவிடும். 1 கிலோஹெர்ட்ஸ் என்பது நடுத்தர ஒலி. தவிலும் பேஸ் கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரை வருத்தும் கீழ் ஸ்தாயி அந்தச் சோதனைக்குள் வருவதே இல்லை. ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை; 6 ஓமில் அளந்த எண், 8 ஓம் ஸ்பீக்கரில் குறையும். 10% சிதைவு என்பதோ, ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தாண்டி ஒலியலையின் உச்சிகளை வெட்டத் தொடங்கிவிட்ட நிலை. அந்த நிலையில் யாரும் பாட்டு கேட்க மாட்டார்கள். கேட்க முடியாத ஒலியை அளந்து விற்பது தவறு என்றே நினைக்கிறேன்.

நம் ஊர் டேப் ரெக்கார்டர்களில் ஒட்டியிருந்த பி.எம்.பி.ஓ. (உச்சகட்ட இசைத் திறன்) எண்கள் இதைவிட மோசம். அதை அளக்க எல்லோரும் ஒப்புக்கொண்ட முறையே கிடையாது. கையடக்கப் பெட்டி ஆயிரம் வாட்ஸ் ஆனது அப்படித்தான்.

அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-லேயே இதற்கு விதி கொண்டுவந்தது. வாட்ஸைச் சொன்னால், எத்தனை ஓமில், எந்த அதிர்வெண் வரம்பில், எவ்வளவு சிதைவில் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த அளவுகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் தயாரிப்பாளரிடமே இருந்தது. 2024-ல் அதையும் இறுக்கினார்கள்: 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, சிதைவு 1 சதவீதத்துக்குள்.

சரி, 50 வாட்ஸுக்குப் பதில் 100 வாட்ஸ் வாங்கினால் சத்தம் இரு மடங்காகுமா? ஆகாது. கூடுவது 3 டெசிபல்தான். காதுக்குத் தெரியும், அவ்வளவே. இரு மடங்காகக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதே 3 டெசிபலை, 87-க்குப் பதில் 90 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர் தந்துவிடும். உணர்திறன் என்பது, 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் கேட்கும் என்ற அளவு.

கடைக்காரரிடம், ‘இரண்டு சேனல்கள் சேர்ந்து ஓடும்போது, 8 ஓமில், முழு அதிர்வெண்ணிலும் எத்தனை வாட்ஸ்?’ என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் கையேட்டைப் புரட்டச் சொல்லுங்கள். அந்தக் கணக்கில் 60, 70 வாட்ஸ் இருந்தாலே சாதாரண வரவேற்பறைக்குத் தாராளம். மிச்சப் பணத்தை நான் ஸ்பீக்கரில் போடுவேன்.