பின்னச்சும் அதற்கேற்ற எண்ணெயும்



என்னிடம் பயின்றவர் ஒருவர் இன்று மோட்டார்ப் பட்டறை நடத்துகிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவரிடம் பழைய அமெரிக்கக் கார் ஒன்று வந்தது. திரும்பும்போதெல்லாம் அதன் பின்னச்சிலிருந்து கடகடவென்று ஓர் அதிர்வு எழுந்தது. உள்ளேயுள்ள பற்சக்கரத் தொகுதி முழுவதையும் மாற்றியாக வேண்டும் என்று வேறொரு பட்டறையில் பெருந்தொகை கேட்டிருந்தனர். இவரோ எண்ணெயை மட்டுமே மாற்றினார், அதிர்வு நின்றுவிட்டது. இது மந்திரமன்று; உங்கள் பௌதிகப் பாடத்திலுள்ள உராய்வுதான்.

பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நடந்து திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளோரத்துப் பையன் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருக்க, வெளியோரத்துப் பையன் ஓடவே வேண்டியிருக்கும். வண்டிச் சக்கரங்களின் நிலையும் அதுவே. இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பிணைத்தால் ஒன்று தரையில் தேய்ந்தே தீரும். இக்குறையை நீக்க, 1827-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த பெக்கூர் என்பவர் நீராவி வண்டிக்கென ஓர் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அதுவே டிஃபரென்ஷியல். அது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிட்டு, முறுக்கு விசையை மட்டும் சமமாகப் பங்கிடுகிறது.

இச்சமத்துவமே சேற்றில் வினையாகிறது. சேற்றிலுள்ள சக்கரம் வீணே சுழலும். அதற்கு வேண்டிய விசை மிகச் சிறிது. ஆகவே கெட்டித் தரையிலுள்ள மற்றச் சக்கரத்துக்கும் அதே சிறு விசைதான் கிடைக்கும். வண்டி நகராது. இதற்கு மாற்றாக எழுந்ததே வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல். அதன் ஒரு வகையில் மெல்லிய வட்டத் தகடுகள் பல அடுக்கப்பட்டிருக்கும். ஒன்றுவிட்டு ஒன்று கூட்டோடும், அச்சின் பற்சக்கரத்தோடும் அவை இணைந்திருக்கும். அவற்றிடையேயுள்ள உராய்வு, ஒரு சக்கரம் மட்டும் தறிகெட்டுச் சுழல்வதைத் தடுக்கிறது.

இனி எண்ணெய்க்கு வருவோம். ஒரே கூட்டுக்குள் அதற்கு இரண்டு எசமானர்கள். முதல் எசமானர், கிரவுன், பினியன் என்னும் பெரும் பற்சக்கர இணை. பினியனைச் சற்றுக் கீழிறக்கி அமைக்கும் ஹைப்பாய்டு முறையை, 1926-இல் பாக்கார்டு நிறுவனம் தன் கார்களில் புகுத்தியது. இதில் பற்கள் உருள்வதோடு கடும் அழுத்தத்தில் ஒன்றன்மீது ஒன்று வழுக்கியும் செல்கின்றன. அவ்வழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துபோகும். ஆகவே கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த கூட்டுப்பொருள்களை எண்ணெயில் கலக்கிறார்கள். சூட்டில் அவை உலோகத்தோடு வினைபுரிந்து, தேயத்தக்க ஒரு மெல்லிய காப்பைப் பற்கள்மேல் அமைக்கின்றன. கியர் ஆயிலின் நாற்றத்துக்குக் காரணமும் இக்கந்தகமே. இத்தகைய எண்ணெயை ஜி.எல்.5 என்னும் குறி காட்டும்.

இரண்டாம் எசமானர் அத்தகடுகள். நான் கரும்பலகையில் எழுதுகையில் சுண்ணக்கட்டி கிறீச்சிடுவதும், பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வதும் உண்டு. கட்டி பலகையைப் பற்றுகிறது, விடுபட்டு வழுக்குகிறது, மறுபடி பற்றுகிறது. நிலை உராய்வு, இயக்க உராய்வினும் மிகுதியாயிருப்பதன் விளைவு இது. வளைவில் தகடுகள் மெல்ல வழுக்கும்போதும் இதுவே நேர்ந்து, கடகடவென்று கேட்கிறது. இதைத் தணிக்க, உராய்வைச் சீர்செய்யும் பொருள் ஒன்றைச் சேர்க்கிறார்கள். அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒரு முனையால் உலோகத்தைப் பற்றி நின்று, நிலை உராய்வைக் குறைக்கின்றன. நம் அமெரிக்கக் காரில் இப்பொருளற்ற எண்ணெயை யாரோ ஊற்றியிருந்தனர். நண்பர் தக்க எண்ணெயை ஊற்றி, வெற்று மைதானத்தில் எட்டு என்னும் எண் வடிவில் வண்டியைப் பலமுறை ஓட்டினார். புதிய எண்ணெய் தகடுகளிடையே புகுவதற்கே அவ்வோட்டம்.

அதற்காக அப்பொருளைத் தாராளமாக ஊற்றலாகாது. மிகுந்தால் தகடுகள் எளிதில் வழுக்கும். பின் சேற்றில் பழைய கதைதான். சில எண்ணெய்களில் அது முன்னரே கலந்திருக்கும், எல்.எஸ். என்ற எழுத்துகள் அதைக் காட்டும். தகடுகளின்றிப் பற்சக்கரங்களாலேயே இயங்கும் டார்சன் போன்ற வகைக்குப் பெரும்பாலும் அது வேண்டுவதே இல்லை. வண்டியின் கைப்புத்தகத்தைப் பாராமல் கடைக்காரர் சொல்லை நம்புவது எனக்கு உடன்பாடன்று.

எண்ணெயின் தடிப்பைக் குறிக்கும் எண்களும் பலரை மயக்குகின்றன. 80டபிள்யூ-90 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். 90 என்பது 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உள்ள தடிப்புக்கான குறி. எஞ்சின் எண்ணெயின் அளவுகோல் வேறு. கியர் ஆயிலின் 90, எஞ்சின் எண்ணெயின் 40, 50 ஆகியவற்றின் தடிப்பையே ஏறக்குறைய ஒத்தது.

வண்டியில் இருப்பது எவ்வகை என்றறிய, எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, முன் சக்கரங்களுக்கு அடைகொடுத்து, பின் சக்கரங்கள் இரண்டையும் தாங்கிகளின்மேல் உயர்த்தி, ஒன்றைக் கையால் சுழற்றுங்கள். மற்றது எதிர்ப்பக்கம் சுழன்றால் சாதாரண வகை. அதே பக்கம் சுழன்றால் தகட்டு வகை. தகடுகள் தேய்ந்திருந்தால் இச்சோதனையும் ஏமாற்றும். ஆனால் ஒரு சக்கரத்தை மட்டும் உயர்த்தி எஞ்சினை ஓட்டிப் பார்க்க ஒருபோதும் துணியாதீர்கள். தரையிலுள்ள மற்றச் சக்கரம் இழுத்து, ஜாக்கியைத் தள்ளிவிட்டு வண்டி பாய்ந்துவிடும்.